வென்ற கருவியின் வழக்கமே விதியானபோது: கன்டெய்னர் தரநிலைகளின் வரலாறு, 2013–2024

2017 ஜூலை 19 அன்று, ஓ.சி.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓப்பன் கன்டெய்னர் இனிஷியேட்டிவ் இரண்டு வரையறைகளின் 1.0 பதிப்பை வெளியிட்டது. கன்டெய்னரை ஒரு கணினி எப்படி ஓட்ட வேண்டும் என்று ஒன்று சொல்கிறது. அதற்குள் போகும் மென்பொருளை எந்த வடிவில் கட்டி வைக்க வேண்டும் என்று மற்றது சொல்கிறது. அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களின் கிளவுடிலும் அப்படிக் கட்டிய ஒரே மூட்டையை, அதாவது இமேஜை, எதையும் மாற்றாமல் ஓட்ட முடிகிறதென்றால் அது இந்த இரண்டு ஆவணங்களின் தயவு. ஆனால் இவற்றைப் பொறுமையாகப் படிப்பவருக்கு ஒன்று உறுத்தும். புதிதாக வடிவமைத்தது இவற்றில் மிகக் குறைவு. டாக்கர் என்ற ஒற்றைக் கருவி அதுவரை எப்படி நடந்துகொண்டதோ, அதையே பெரும்பாலும் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறார்கள். இந்தத் தரநிலை நிலைத்ததற்கு அதுவே காரணம் என்பதும், அன்று ஒதுக்கிவைத்த கேள்விகள் பின்னர் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஒரு புரோகிராமின் கண்ணில் கணினியின் மற்ற பகுதிகள் படாதபடி அடைத்துவைக்கும் எண்ணம் பழையது. யூனிக்ஸின் ஏழாம் பதிப்புக் காலத்தில், 1979 வாக்கில், சி.ஹெச்.ரூட் வந்தது. 2000இல் ஃப்ரீ பி.எஸ்.டி.யின் ஜெயில், 2005இல் சோலாரிஸ் 10இன் ஸோன். லினக்ஸில் மட்டும் இந்த வசதி முழுப் பொருளாக வரவே இல்லை. ஒரு புரோகிராமின் கண்ணில் எது படலாம் என்பதைப் பிரித்துவைக்கும் நேம்ஸ்பேஸ்கள் 2002 முதல் ஒவ்வொன்றாகக் கெர்னலுக்குள் சேர்ந்தன. அது எவ்வளவு வளம் எடுக்கலாம் என்று வரம்பிடும் சி-குரூப், கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் தொடங்கியது, 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் இடம்பெற்றது. கன்டெய்னர் என்று ஒரு பொருள் லினக்ஸ் கெர்னலில் இன்றும் கிடையாது. நேம்ஸ்பேஸ், சி-குரூப், அனுமதிக் கட்டுப்பாடுகள் என்று உதிரிப் பாகங்கள்தான் உண்டு. எவற்றைச் சேர்த்தால் கன்டெய்னர் என்பதை வெளியே யாராவது முடிவு செய்தாக வேண்டும். ஜெயிலுக்கும் ஸோனுக்கும் எழாத தரநிலைச் சண்டை லினக்ஸில் எழுந்ததன் வேர் இங்கே இருக்கிறது.

2013 மார்ச்சில் அமெரிக்காவின் சான்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில், டாட்கிளவுட் நிறுவனத்தின் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடச் சிற்றுரையில் டாக்கரை அறிமுகப்படுத்தினார். கெர்னல் பாகங்கள் எதுவும் அவருடையவை அல்ல. தொடக்கத்தில் அவற்றைக் கோத்துக்கொடுக்கவே, 2008 முதல் இருந்துவந்த எல்.எக்ஸ்.சி. கருவியைத்தான் டாக்கர் நம்பியிருந்தது. அதன் பங்களிப்பு வேறு இடத்தில் இருந்தது. ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டிய நூலகக் கோப்புகளையும் அடுக்கடுக்காக மூட்டை கட்டி இமேஜ் ஆக்குவது, அதை ரெஜிஸ்ட்ரி என்ற பொதுக் கிடங்கில் போட்டுவைப்பது, எவரும் ஒரே கட்டளையில் எடுத்து ஓட்டுவது: இவ்வளவுதான். 'என் மெஷினில் ஓடுகிறதே' என்று சொல்லிச் சொல்லி அலுத்திருந்த டெவலப்பர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

டாக்கர் வளர வளர அதன் வயிறும் பெருத்தது. 2014 டிசம்பர் 1 அன்று கோர்-ஓ.எஸ். நிறுவனம் ராக்கெட் என்ற போட்டிக் கருவியை அறிவித்தது. அதன் தலைவர் அலெக்ஸ் போல்வி அடுக்கிய குற்றச்சாட்டுகளின் சாரம் இது: எளிய கருவியாக இருக்கும் என்று நம்பி வந்தோம், இப்போது சர்வர் தொடங்குவது, கிளஸ்டர் அமைப்பது, இமேஜ் கட்டுவது, வலைப்பின்னல் போடுவது எல்லாம் ரூட் அதிகாரத்தோடு ஓடும் ஒரே புரோகிராமுக்குள் திணிக்கப்படுகின்றன, 'ஸ்டாண்டர்டு கன்டெய்னர்' என்று டாக்கரே எழுதிவைத்திருந்த கொள்கை அறிக்கையும் அதன் மூலக்களஞ்சியத்திலிருந்து காணாமல் போய்விட்டது. அந்த வாரமே ஆம்ஸ்டர்டாமில் நடந்த டாக்கர் மாநாட்டில் மெஷின், ஸ்வார்ம், கம்போஸ் என்று மூன்று புதிய கருவிகள் அறிவிக்கப்பட்டன. குற்றச்சாட்டுக்கு அதைவிட நல்ல சாட்சியம் தேவைப்படவில்லை.

ராக்கெட்டோடு ஆப்-சி என்ற வரையறையும் வந்தது. தோற்றுப்போன ஆவணம் என்பதால் வரலாற்றில் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், அது நியாயமில்லை. இரண்டு விஷயங்களில் ஆப்-சி டாக்கரைவிடத் தெளிவாக யோசித்திருந்தது. முதலாவது பெயர். டாக்கரில் வெறுமனே 'உபுண்டு' என்று கேட்டால், கருவி தானாகவே டாக்கர் ஹப்புக்குப் போகும். அதாவது ஒரு நிறுவனத்தின் முகவரி பெயரிடும் முறைக்குள்ளேயே ஊறியிருந்தது. ஆப்-சியில் இமேஜின் பெயர் உரிமையாளரின் இணைய டொமைனிலிருந்து தொடங்கும். அந்தத் தளத்திடமே 'இமேஜ் எங்கே இருக்கிறது' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது கையொப்பம். ஒவ்வொரு இமேஜுடனும் தனிக் கையொப்பக் கோப்பு வரும். அதைச் சரிபார்க்காமல் ஓட்டுவதில்லை என்பதே ராக்கெட்டின் இயல்பான நடத்தை.

2015 மே மாதத்துக்குள் கூகுள், ரெட்ஹேட், வி.எம்.வேர் ஆகியவை ஆப்-சிக்கு ஆதரவு தெரிவித்தன. உலகம் இரண்டு இமேஜ் வடிவங்களாகப் பிரியும் ஆபத்து நிஜமானது அப்போதுதான். அடுத்த மாதம் ஜூன் 22 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டு மேடையில் டாக்கர் சமாதானம் அறிவித்தது. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் பொது அமைப்பு, அதில் கோர்-ஓ.எஸ்.ஸும் உறுப்பினர், தொடக்க முதலாக டாக்கர் தரும், கன்டெய்னரை ஓட்டும் ரன்-சி என்ற நிரல். ஓப்பன் கன்டெய்னர் புராஜெக்ட் என்று தொடங்கிய அமைப்பு சில வாரங்களிலேயே இப்போதைய பெயருக்கு மாறியது.

டாக்கர் ஏன் விட்டுக்கொடுத்தது? எதையும் பெரிதாக விட்டுக்கொடுக்கவில்லை என்பதே என் கணிப்பு. கன்டெய்னரை ஓட்டும் அடித்தள நிரலில் காசு பார்க்க முடியாது என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. ரெஜிஸ்ட்ரியும், இமேஜ் கட்டும் மொழியும், பல சர்வர்களை மேய்க்கும் மேல்தளமும்தான் வியாபாரம். பொது அமைப்பின் வரம்புக்குள் முதலில் வந்தது ஓட்டும் முறை மட்டுமே. இமேஜ் வடிவமே 2016 ஏப்ரலில்தான் சேர்ந்தது. சரக்குக் கப்பல் உலகிலும் இப்படித்தான் நடந்தது. 1960களில் மால்கம் மெக்லீனின் நிறுவனம் பெட்டியின் மூலைப் பொருத்தி மீதான காப்புரிமையைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தது. கப்பலையும் துறைமுக வியாபாரத்தையும் கையில் வைத்துக்கொண்டது. வேறுபாடு என்னவென்றால், கப்பல் யாருடையது என்பதில் டாக்கர் போட்டுவைத்த கணக்கு தப்பியது. அதே 2015 ஜூலையில், பல சர்வர்களை மேய்க்கும் அந்த மேல்தளமாக, கூகுளின் குபர்நெட்டிஸ் 1.0 வந்துவிட்டது.

ஓட்டும் வரையறை நெருங்கிப் பார்க்கத் தக்கது. ஒரு கோப்புறை, அதற்குள் புரோகிராமின் முழுக் கோப்பு மரம், பக்கத்தில் ஒரு ஜேசான் கோப்பு. எந்தக் கட்டளையை எந்தப் பயனராக ஓட்டுவது, எந்தெந்த நேம்ஸ்பேஸ் வேண்டும், எவ்வளவு நினைவகம் வரை அனுமதி என்பதெல்லாம் அந்த ஜேசானில் இருக்கும். அதை வாசிக்கும் ரன்டைம் ஐந்து வேலைகள் தெரிந்திருந்தால் போதும்: உருவாக்குவது, தொடங்குவது, நிலையைச் சொல்வது, சிக்னல் அனுப்புவது, நீக்குவது. உருவாக்குவதும் தொடங்குவதும் ஆரம்பத்தில் ஒரே வேலையாக இருந்தன. ஓ.சி.ஐ. குழுவின் விவாதத்தில்தான் அவை பிரிக்கப்பட்டன. இடைப்பட்ட நேரத்தில் வேறொரு கருவி வந்து வலைப்பின்னலை மாட்டிவிட்டுப் போகலாம். குழு உண்மையாகவே புதிதாகச் சேர்த்த சிலவற்றுள் இது ஒன்று, நல்லதும்கூட. அந்த ஐந்து வேலைகளை எப்படிச் செய்வது என்று ஆவணம் கட்டாயப்படுத்தாததால், 2017 டிசம்பரில் வந்த கட்டா கன்டெய்னர்ஸ் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் சிறிய மெய்நிகர் கணினியையே எழுப்பியது. மேலே இருக்கும் கருவிகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இமேஜ் வரையறையில் பழைய டாக்கரின் கைரேகை இன்னும் அழியாமல் இருக்கிறது. இமேஜின் ஒவ்வொரு அடுக்கும் ஒரு டார் கோப்பு. ஒவ்வொன்றின் பெயரும் அதன் உள்ளடக்கத்தின் ஷா-256 ஹாஷ். 2016 பிப்ரவரியில் வந்த டாக்கர் 1.10 இந்த முறைக்கு மாறியிருந்தது; வரையறை அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கீழ் அடுக்கில் இருக்கும் கோப்பை மேல் அடுக்கில் எப்படி அழிப்பது? டாருக்கு அழிக்கத் தெரியாது. ஆகவே அதே பெயருக்கு முன்னால் 'டபிள்யூ.ஹெச்.' என்ற முன்னொட்டைப் போட்டு ஒரு வெற்றுக் கோப்பை வைக்க வேண்டும் என்கிறது வரையறை. இது ஆஃப்ஸ் என்ற கோப்பு முறையின் வழக்கம். டாக்கர் தொடக்க காலத்தில் அதைச் சார்ந்திருந்தது. ஆஃப்ஸ் லினக்ஸின் மூலக் கெர்னலில் ஒருநாளும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அதன் இடத்தைப் பிடித்த ஓவர்லே, அழிப்பைக் குறிக்க வேறு முறையைக் கையாள்கிறது. இருந்தும் இன்று கட்டப்படும் ஒவ்வொரு இமேஜும் ஆஃப்ஸின் குறியீட்டையே சுமந்துவருகிறது. விரிக்கும் நேரத்தில் அதை ஓவர்லேயின் குறியீடாக மாற்றிக்கொள்கிறார்கள்.

தரநிலை பல ரன்டைம்களுக்கு இடம் கொடுத்தது. நடைமுறையில் ஏறத்தாழ எல்லோரும் ரன்-சியையே ஓட்டினார்கள். 2019 பிப்ரவரியில் அதன் விலை தெரிந்தது. கன்டெய்னருக்குள் இருக்கும் தீய புரோகிராம், வெளியே சர்வரில் இருக்கும் ரன்-சி கோப்பின் மீதே எழுதி, சர்வரின் ரூட் அதிகாரத்தைப் பறிக்கும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ரன்-சியின் மேல் ஓடிய டாக்கர், கன்டெய்னர்-டி, ரெட்ஹேட் தரப்பின் க்ரை-ஓ ஆகிய கருவிகள் எல்லாம் ஒரே நாளில் ஒட்டுப்போட ஓடின. ரன்-சி தன்னையே நினைவகத்தில் பிரதியெடுத்து, முத்திரையிட்டு, அந்தப் பிரதியிலிருந்து ஓடுவது என்பதே தீர்வு. அந்த நிரலின் 1.0 பதிப்பு 2021 ஜூனில்தான் வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கலாம்.

தரநிலைக்கான உண்மையான பரீட்சை 2020 டிசம்பரில் தொடங்கியது. டாக்கருடன் நேரடியாகப் பேசுவதற்கு வைத்திருந்த டாக்கர்ஷிம் என்ற இணைப்பைக் கைவிடப்போவதாகக் குபர்நெட்டிஸ் 1.20 அறிவித்தது. டாக்கரில் கட்டிய இமேஜ்கள் இனி ஓடாது என்று பலர் பதறினார்கள். 'பதறாதீர்கள்' என்றே தலைப்பிட்டுக் குபர்நெட்டிஸ் தரப்பு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. 2022 மே மாதம் 1.24இல் இணைப்பு நீக்கப்பட்டது. இமேஜ்கள் பழையபடியே ஓடின. சிக்கல் வந்தது வேறு இடத்தில்: கன்டெய்னருக்குள் இருந்தபடி டாக்கரின் சாக்கெட்டைப் பிடித்துப் புதிய இமேஜ் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வழி மாற வேண்டியிருந்தது. வரையறைக்குள் இருந்தது பிழைத்தது, வெளியே இருந்தது உடைந்தது. ராக்கெட் இதைப் பார்க்க இல்லை. 2018 ஜனவரியில் ரெட்ஹேட் 25 கோடி டாலருக்குக் கோர்-ஓ.எஸ்.ஸை வாங்கும் அறிவிப்பு வந்தது. 2019இல் ராக்கெட் திட்டம் மூடப்பட்டது.

ஒதுக்கிவைத்த கேள்விகளுக்கு வருவோம். ரெஜிஸ்ட்ரியிலிருந்து இமேஜை எப்படிக் கேட்டு வாங்குவது என்ற மூன்றாவது வரையறை, 2021 மே மாதத்தில்தான் 1.0 ஆனது. அதுவும் டாக்கரின் பழைய ரெஜிஸ்ட்ரி நெறிமுறையே. ஆனால் ஊர் பேர் இல்லாத இமேஜை எங்கே தேடுவது என்பதை அது தொடவில்லை. அதற்கு ஆறு மாதம் முன்பு, 2020 நவம்பரில், கணக்கில்லாதவர்கள் ஆறு மணி நேரத்துக்கு 100 முறை மட்டுமே இமேஜ் எடுக்கலாம் என்று டாக்கர் ஹப் வரம்பு வைத்தபோது, தாங்கள் அதை நம்பியிருப்பதே தெரியாத பல தானியங்கி பில்டுகள் பாதி வழியில் நின்றன. 'உபுண்டு' என்ற ஒற்றைச் சொல் ஒரு கம்பெனியின் வாசலுக்குப் போகிறது என்பதை ஆப்-சி 2014லேயே பிரச்சினையாகப் பார்த்திருந்தது.

இமேஜ் கட்டும் டாக்கர்ஃபைல் மொழிக்கு ஓ.சி.ஐ. வரையறை இன்றுவரை இல்லை. பில்டா, கனிகோ போன்ற கருவிகள் டாக்கரின் நடத்தையைப் பார்த்துப் பார்த்தே அதைப் பின்பற்றின.

கையொப்பம் மட்டும் ஒருவழியாக உள்ளே வந்தது, அதுவும் சுற்றுவழியில். 2024 பிப்ரவரியில் வந்த 1.1 பதிப்புகள், மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பு ஒன்று இன்னொன்றைச் சுட்டிக்காட்ட ஒரு புலத்தைச் சேர்த்தன. இன்ன இமேஜைச் சுட்டுபவை எவையெவை என்று ரெஜிஸ்ட்ரியிடம் கேட்கவும் வழி செய்தன. கையொப்பத்தையோ உட்கூறுப் பட்டியலையோ இப்படி இமேஜோடு ஒட்டிவைக்கலாம். எந்தக் கையொப்ப முறை என்று வரையறை சொல்வதில்லை. சரிபார்த்தே ஆக வேண்டும் என்றும் சொல்வதில்லை. சுட்டுபவை எவை என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத பழைய ரெஜிஸ்ட்ரிகளுக்காக மாற்று ஏற்பாடும் இருக்கிறது: இமேஜின் ஹாஷையே ஒரு டேக் பெயராக்கி, அதன் கீழ் பட்டியலைப் போட்டுவைப்பது. அந்த வழக்கமும் குழு உருவாக்கியது அல்ல. காஸைன் என்ற கையொப்பக் கருவி அதற்கு முன்பே அவ்விதமான டேக்குகளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது.