காய்ச்சல்னா ப்ரெட்டா? ஒரு பேக்கரிப் பையின் வரலாறு

நைட் டியூட்டி முடிந்து வீடு திரும்பும்போது எனக்கு ஒரு பலவீனம் உண்டு மக்களே.

அடையாறில் எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன பேக்கரி. காலை ஆறு மணிக்கு ட்ரே வெளியே வரும். அந்த வாசனையைத் தாண்டிப் போக எந்த மெடிக்கல் காலேஜும் சொல்லிக் கொடுக்கவில்லை.

போன ஞாயிறு வகைக்கு ஒன்றாக வாங்கிவிட்டேன். ப்ரெட், தேங்காய் பன், முட்டை பப்ஸ், ரஸ்க். வீட்டில் பையைப் பிரித்ததும் அம்மா கேட்டார்: "யாருக்குடா உடம்பு சரியில்லை?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி மண்டையைக் குடைந்தது. ப்ரெட்டைப் பார்த்தால் நமக்கு ஏன் காய்ச்சல் ஞாபகம் வருகிறது?

வாங்க, கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

அடையாற்றின் வடகரையில் சாந்தோம். 16ஆம் நூற்றாண்டில் அது போர்த்துக்கீசியர் குடியிருப்பு. அவர்கள் ப்ரெட்டுக்கு வைத்திருந்த பெயர் 'பாவ்'ங்.

கோவாவில் ஈஸ்ட்டுக்குப் பதில் தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் புளிக்க வைத்தார்கள். மும்பை பாவ் பாஜியில் இருக்கும் 'பாவ்' அந்தச் சொல்தான். ஈழத்தமிழர்கள் இன்றைக்கும் சொல்லும் 'பாண்' அதே சொல்தான்.

நம்ம பக்கம் ஜன்னல், சாவி, அலமாரி, பிஸ்கோத்து எல்லாம் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்து தங்கிவிட்டன. பாண் மட்டும் தங்கவில்லை. காரணம் எளிது: இட்லி, தோசை, கஞ்சி, பழைய சோறு இருக்கும் வீட்டில் அதற்கு வேலையே இல்லை!

அடுத்து ஆங்கிலேயர். 1664இல் கோட்டைக்குள் சிப்பாய்களுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். இன்றைய ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் ஆரம்பம் அதுதான்.

வெள்ளைக்காரனுக்கு ப்ரெட் தினசரிச் சாப்பாடு. நமக்கு? வெள்ளைக்கார வைத்தியத்தோடு சேர்ந்து பார்த்த பண்டம். அரசு மருத்துவமனைகளில் உள்நோயாளிக்குப் பாலும் ப்ரெட்டும் தருவது இன்றைக்கும் உண்டு. ஆப்பிள், ஹார்லிக்ஸ், ப்ரெட் என்று நோயாளியைப் பார்க்கப் போகும் பை இப்படித்தான் உருவாகியிருக்கும் என்பது என் கணிப்பு.

சரி, அது எப்படி தெருமுனைக்கு வந்தது?

இரண்டு வழியாக.

ஒன்று, கேரளா. தலச்சேரியில் 1880இல் பேக்கரி தொடங்கியவர் மம்பள்ளி பாபு. பிஸ்கட் தொழிலை பர்மாவில் கற்றவர். 1883இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரர் ஒரு இங்கிலாந்து கேக்கைக் காட்டி, இதுபோல் செய்ய முடியுமா என்று கேட்டார். பாபு உள்ளூர்ச் சாராயம் சேர்த்தே செய்து அசத்திவிட்டார். அந்தத் தலச்சேரிக் கைப்பக்குவத்தின் வாரிசுகள்தான் சென்னையின் பல டீக்கடை, பேக்கரி அடுப்புகளில் நிற்கிறார்கள்.

இரண்டாவது வழி, பஞ்சம்.

1965, 66இல் மழை பொய்த்தது. அரிசிக்குத் தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற வாக்குறுதி 1967 தேர்தலில் ஆட்சியையே மாற்றிய காலம் அது.

அந்த 1965இல்தான் மத்திய அரசே ப்ரெட் சுட இறங்கியது. மாடர்ன் பேக்கரீஸ்! ஆஸ்திரேலியா, கனடா உதவியுடன் பெரிய நகரங்களில் ஆலைகள், சென்னையிலும் ஒன்று. மெழுகுத்தாளில் சுற்றிய ஸ்லைஸ் ப்ரெட் நடுத்தர வீட்டுக்குள் வந்தது.

2000 ஜனவரியில் அதன் 74 சதவீதப் பங்கை ஹிந்துஸ்தான் லீவர் வாங்கியது. இன்று அது மெக்சிகோவின் பிம்போ நிறுவனத்திடம் இருக்கிறது. பாருங்கள், ஒரு ப்ரெட் பாக்கெட்டுக்குள் எத்தனை நாடுகள்!

பப்ஸுக்கும் கதை உண்டு. மாவையும் கொழுப்பையும் மடித்து மடித்துத் தேய்த்தால்தான் அந்த அடுக்கு வரும். வெண்ணெய் விலை கட்டாது. 1937இல் வந்த டால்டா அந்த இடத்தைப் பிடித்தது. கூடவே டிரான்ஸ் கொழுப்பும் வந்தது. கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கும் வில்லன்.

நல்ல செய்தி: 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியச் சட்டம். மாவை உப்ப வைக்கச் சேர்த்த பொட்டாசியம் புரோமேட்டும் 2016இல் தடை செய்யப்பட்டது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்?

ஒரு தப்பை ஒப்புக்கொள்ளத்தான்.

பணிக்கு வந்த புதிதில் ஓ.பி.யில் காய்ச்சலோடு ஒரு ஐயா வந்தார். அறுபது வயசு இருக்கும், சர்க்கரை நோயாளி. வெளியே நீண்ட வரிசை. "லைட்டா ப்ரெட் மாதிரி சாப்பிடுங்க ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சர்க்கரை 480. மூன்று வேளையும் ப்ரெட்டை இனிப்பு டீயில் நனைத்துச் சாப்பிட்டிருக்கிறார். "சோறு சாப்பிடலியே" என்று சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

பிழைத்துக்கொண்டார். போகும்போது "நீங்க சொன்னதைத்தான் தம்பி சாப்பிட்டேன்" என்றார். கோபமே இல்லாமல். அதுதான் இன்னும் வலிக்கிறது.

அவர் கேட்டது என் பேச்சை மட்டும் இல்லை. ப்ரெட் என்றால் மருந்து என்று ஊரே பல தலைமுறையாக நம்பியதையும் சேர்த்துத்தான்.

உண்மை என்ன? வெள்ளை ப்ரெட்டின் கிளைசீமிக் இண்டெக்ஸ் ஏறக்குறைய 75. வெள்ளை அரிசிச் சோறும் கிட்டத்தட்ட அதே அளவு. 100 கிராம் ப்ரெட்டில் பாதி மாவுச்சத்து. ரஸ்க் என்பது அதே ப்ரெட், தண்ணீர் வற்ற இரண்டாம் முறை சுட்டது, பெரும்பாலும் சர்க்கரையும் சேர்த்தது.

ஆகவே மக்களே,

காய்ச்சலில் இட்லி, கஞ்சி, ரசம் சாதம் தாராளமாகச் சாப்பிடலாம். ப்ரெட்டுக்கு எந்தத் தனிச் சிறப்பும் இல்லை.

சர்க்கரை நோயாளிகள் சோற்றை எண்ணுவது போலவே ப்ரெட்டையும் எண்ணுங்கள். கூட ஒரு முட்டையோ சுண்டலோ இருக்கட்டும்.

காய்ச்சல் நாளில் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரை, இன்சுலினை நிறுத்தாதீர்கள்.

ப்ரௌன் ப்ரெட் என்றால் நிறத்தைப் பார்க்காதீர்கள், பாக்கெட்டின் பின்னால் முதலில் மைதா என்று இருக்கிறதா பாருங்கள்.

மற்றபடி பேக்கரி நம் எதிரி இல்லை. விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து நமக்காக மாவு பிசைகிற மனிதரின் உழைப்பு அது. எப்போதாவது, பசித்து, ருசித்து, ஒன்று சாப்பிடுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது!

அந்த ஞாயிறு, தேங்காய் பன்னில் பாதியை அம்மாவுக்குக் கொடுத்தேன். "காய்ச்சல் இல்லாம சாப்பிட்டா நல்லாத்தான்டா இருக்கு" என்றார்.

இனி யாராவது நோயாளியைப் பார்க்கப் போகும்போது ப்ரெட் பாக்கெட் வாங்கக் கை நீண்டால், இந்த ஐயாவை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.