கசப்புக் கொடி

லண்டனின் சில பேட்டைகளில் ஆகஸ்ட் கடைசி வாக்கில் நடந்தால், குடியிருப்புச் சுவர்களில் கட்டிய கயிறுகளைச் சுற்றிக்கொண்டு ஒரு கொடி ஏறி நிற்பதைப் பார்க்கலாம். இலை திராட்சை இலையின் ஜாடை. கணுக்களில் கொத்துக் கொத்தாக வெளிர்பச்சைப் பூக்கள். பூ என்று சொல்கிறோமே தவிர, காகிதத் துணுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிச் செய்த சின்னக் குஞ்சம் போலத்தான் இருக்கும். ஒன்றைப் பறித்து இரண்டாகக் கிழித்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி. விரலில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. அந்தப் பொடிக்காகத்தான் கொடி. பெயர் ஹாப்ஸ். பீரின் கசப்பு இதிலிருந்து வருகிறது. பால்கனியிலும் கொல்லையிலும் இதை வளர்ப்பவர்கள் பூவை உலர்த்தி வைத்துக்கொண்டு, சமையலறை அடுப்பில் இருபது லிட்டர் பானையில் தாங்களே பீர் காய்ச்சிக்கொள்கிறார்கள்.

பொழுதுபோக்கு என்று சொல்லித் தாண்டிப் போய்விடலாம். ஆனால் சரித்திரம் கொஞ்சம் தெரிந்தவனுக்கு இதில் ஒரு விசித்திரம் தட்டுப்படும். பீர் வீட்டைவிட்டுப் போனதற்கு இந்தக் கொடியே பெரிய காரணம். எது வெளியேற்றியதோ அதையே வாசலில் நட்டு, போனதைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். இங்கிலாந்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கிறேன். அங்கேதான் இதற்கான பழைய ஏடுகள் நிறையத் தங்கியிருக்கின்றன.

14ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்துக் கிராமங்களில் குடித்தது ஏல். முளைகட்டி உலர்த்திய பார்லி, வெந்நீர், ஈஸ்ட் இவ்வளவுதான். ஹாப்ஸ் கிடையாது. இனிப்பும் கெட்டியுமான பானம். சில நாட்களில் புளித்துவிடும். புளித்துவிடும் என்ற இந்த ஒரு குணம் அதைச் சுற்றியிருந்த வாழ்க்கையையே தீர்மானித்தது. தூரம் கொண்டுபோக முடியாது, சேர்த்து வைக்க முடியாது. ஆகவே அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, குடிக்கிறவனுக்குப் பக்கத்திலேயே காய்ச்சவேண்டும். காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுக்குப் போக மிஞ்சியதை, வாசலில் ஒரு கழியை நீட்டி வைத்து அக்கம்பக்கத்தாருக்கு விற்பார்கள். அடுத்த வாரம் வேறொரு வீட்டு வாசலில் கழி நீளும்.

இந்தப் பெண்களின் பெயர்கள் நமக்குத் தெரியவருவது வேடிக்கையான ஒரு வழியில். 13ஆம் நூற்றாண்டில் ஏலின் விலையையும் தரத்தையும் கட்டுப்படுத்தி அரசு சட்டம் செய்தது. ஊர் நீதிமன்றங்கள் விற்றவர்களிடமெல்லாம் அபராதம் வாங்கி எழுதி வைத்தன. நாளடைவில் அபராதமே ஒருவகை உரிமக் கட்டணமாக ஆகிவிட்டது. பாட்டிலோ கதையிலோ இடம் பெறாத பெண்கள் அபராதப் பட்டியலில் இடம் பெற்றார்கள். ஜூடித் பென்னட் என்ற சரித்திர ஆசிரியை இந்தப் பட்டியல்களைத் துருவித்தான், பெண்கள் கையிலிருந்து இத்தொழில் நழுவிய விதத்தை 1996ல் ஒரு புத்தகமாக எழுதினார். காய்ச்சுகிறவளுக்கு ஆங்கிலத்தில் 'ப்ரூஸ்டர்' என்று தனிச் சொல் இருந்தது. இப்போது அது பெரும்பாலும் குடும்பப் பெயராக மிஞ்சியிருக்கிறது.

ஒருத்தி மட்டும் தன் வாயாலேயே பேசுகிறாள். லின் துறைமுகத்துக்காரி மார்ஜரி கெம்ப். எழுதத் தெரியாதவள், 1430களில் அவள் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய புத்தகத்தின் முழுக் கையெழுத்துப் பிரதி 1934ல்தான் அகப்பட்டது. ஆங்கிலத்தின் முதல் சுயசரிதை என்று அதைச் சொல்வதுண்டு. மூன்று நான்கு வருஷம் ஊரிலேயே பெரிய அளவில் காய்ச்சியவர்களில் தானும் ஒருத்தி என்கிறாள். பிறகு நுரை அழகாகத் திரண்டு வந்து திடீரென்று அமுங்கிப் போக ஆரம்பித்தது. பானைக்குப் பானை நஷ்டம். வேலைக்காரர்கள் வெட்கப்பட்டு விலகிக்கொண்டார்கள். தன் கர்வத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஈஸ்ட் கெட்டது என்று நாம் சொல்வோம். ஹாப்ஸ் இருந்திருந்தால் சரக்காவது சில நாள் கூடத் தாங்கியிருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் ஹாப்ஸ் வந்தபோது பிழைத்தவர்கள் வேறு மாதிரியான ஆட்கள்.

ஹாப்ஸ் செய்யும் காரியம் என்ன என்பதைச் சொல்லிவிடவேண்டும். மஞ்சள் பொடியில் உள்ள பிசின் தண்ணீரில் சுலபமாகக் கரையாது. மால்ட் ஊறிய இனிப்பு நீரோடு சேர்ந்து ஒரு மணி நேரம்போலக் கொதிக்கும்போது அதன் அமைப்பு மாறி, கரைந்து, கசப்பாகிறது. புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களில் பலவற்றை அந்தக் கசப்பு தலையெடுக்க விடாது. ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாது. இந்த ரசாயனம் ஒன்றும் தெரியாமலே விஷயம் தெரிந்திருந்தது. பிரான்ஸில் கோர்பி மடத்தின் தலைவர் அடலார்டு 822ல் எழுதிய விதிகளில் ஹாப்ஸ் வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் துறவினி ஹில்டெகார்ட், இது மனத்தில் சோகத்தைப் பெருக்கும், ஆனால் இதன் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும் என்று குறித்து வைத்தாள். பிறகு பிரெமன், ஹாம்பர்க் துறைமுகங்களிலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கடலில் போயிற்று பீர். ருசியைவிடப் பெரிதாக ஹாப்ஸ் கொடுத்தது அவகாசம். அவகாசம் கிடைத்த சரக்கு ஊரைத் தாண்டும். தாண்டினால் வியாபாரிக்கு அதில் வேலை உண்டு.

இங்கிலாந்துக்கு அது 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்பலில் வந்தது. பின்னாலேயே காய்ச்சுகிறவர்களும் ஹாலந்து, ஃப்ளாண்டர்ஸ் பக்கமிருந்து வந்தார்கள். ஹாப்ஸ் போட்டது பீர், போடாதது ஏல் என்று இரண்டு சாதியாயிற்று. பீர் விஷம் என்ற வதந்தி பரவி, அந்நியர்கள் தொழில் செய்ய முடியாமல் போகவே, 1436ல் அரசரே தலையிட்டு அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று லண்டனில் பறைசாற்ற வேண்டியிருந்தது. 1471ல் நார்விச் நகரம் ஏலில் ஹாப்ஸ் சேர்ப்பதைத் தடுத்தது. ஆண்ட்ரூ போர்டு என்ற வைத்தியர் 1542ல் எழுதிய நூலில், ஏல் ஆங்கிலேயனுக்கு இயற்கையான பானம், பீர் டச்சுக்காரனுக்கு உரியது, நம்மவர் குடித்தால் தொந்தி விழும், உபத்திரவம் என்கிறார்.

எட்டாம் ஹென்றி ஹாப்ஸையே நாட்டில் தடை செய்தார் என்றும் ஒரு கதை புத்தகத்துக்குப் புத்தகம் வந்துகொண்டிருக்கிறது. அரண்மனையில் ஏல் காய்ச்சுகிறவன் ஏலில் ஹாப்ஸ் போடக்கூடாது என்ற உத்தரவுதான் இப்படி ஊதப்பட்டது. அரண்மனையில் பீர் காய்ச்ச வேறு ஆள் இருந்தான். இந்த மண்ணுக்கு ஒவ்வாதது என்ற வாதம் எங்கும் ஒரே குரலில்தான் பேசுகிறது; நம்மிடையே கவிதை பற்றி நடந்த சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு போர்டின் குரல் புதிதாக இராது. இன்று கெண்ட் மாவட்டத்து ஹாப் தோட்டத்தைக் காட்டிலும் அசலான இங்கிலாந்து எது என்று அவர்களே கேட்பார்கள்.

அந்தக் கெண்டில்தான் 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பயிர் வேரூன்றியது. 1574ல் ரெஜினால்டு ஸ்காட் என்ற கெண்ட்காரர் ஹாப் தோட்டம் போடுவது பற்றி ஆங்கிலத்தின் முதல் நூலை எழுதினார். மண்மேடு கட்டுவது, கொழுகொம்பு ஊன்றுவது, கொடியைத் திருப்பிவிடுவது, சூளையில் உலர்த்துவது எல்லாம் மரச்செதுக்குப் படங்களோடு. இதற்குள் அவர் போடும் ஒரு கணக்கு முக்கியமானது. ஒரு புஷல் மால்ட்டில் சுமாரான ஏல் எட்டு ஒன்பது காலன்தான் தேறும். ஹாப்ஸ் சேர்த்தால் நல்ல பீர் பதினெட்டு இருபது காலன் வரும். கெடாமல் இருக்க ஏலுக்கு மால்ட் நிறைய வேண்டும், அந்த வேலையை ஹாப்ஸ் செய்துவிடுவதால் பீருக்குப் பாதி போதும். வைத்தியர் போர்டின் எச்சரிக்கை தோற்றது இந்தக் கணக்கிடம்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இந்த லாபத்தை எடுக்கப் பெரிய செப்புக் கொப்பரை வேண்டும், நெடுநேரம் கொதிக்க விறகு வேண்டும், பீப்பாய்கள் வேண்டும், சரக்கு விற்றுப் பணம் திரும்பும்வரை காத்திருக்கக் கடன் வேண்டும். கல்யாணமான பெண் தன் பெயரில் கடன் வாங்கவோ ஒப்பந்தம் செய்யவோ சட்டம் பெரும்பாலும் இடம் தராத காலம். பென்னட் சொல்வதும் இதுவே. ஹாப்ஸ் பெண்களைத் துரத்தவில்லை, அது திறந்த கதவுக்குள் நுழைய அவர்களிடம் ஒன்றும் இல்லை. 1600 வாக்கில் லண்டனில் இது ஆண்களின் தொழிலாகிவிட்டது. இதே ஸ்காட் பத்து வருஷம் கழித்து 1584ல், சூனியக்காரி என்று பிடிக்கப்படும் கிழவிகள் வெறும் ஏழைக் கிழவிகள்தான் என்று வாதித்து ஒரு பெரிய நூல் எழுதினார். தோட்ட நூலை விட்டுவிட்டு அதற்காகத்தான் அவரை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் எழுதியது ஒரே கை. கண்ணால் கண்டதை மட்டும் சொல்லும் பிடிவாதம் இரண்டிலும் இருக்கிறது.

விற்பனை போனாலும் வீட்டுக்கு மட்டும் காய்ச்சுவது உடனே ஒழிந்துவிடவில்லை. பண்ணை வீடுகளின் கொல்லையில் நாலு ஹாப் கொடி இருப்பது சாதாரணம். அங்கேயும் அரசு வந்தது. 1711 முதல் ஹாப்ஸ் பவுண்டுக்கு ஒரு பென்னி தீர்வை. விற்பனைக்குக் காய்ச்சுகிறவர்கள் ஹாப்ஸைத் தவிர வேறு கசப்பு எதையும் சேர்க்கவும் தடை. தீர்வை 1862 வரை இருந்தது. (இந்த வருஷம் மொத்தத் தீர்வை எவ்வளவு வசூலாகும் என்று பந்தயம் கட்டிச் சூதாடினார்கள் என்பது கொசுறு.) மால்ட் வரி வேறு. 1821ல் வில்லியம் காபெட் தன் குடிசைப் பொருளாதார நூலை வெளியிடத் தொடங்கியபோது, நாற்பது வருஷத்துக்கு முன் வீட்டில் பீர் காய்ச்சாத கூலிக்காரன் அபூர்வம், இப்போது காய்ச்சுகிறவனே இல்லை என்று புலம்பினார். அவர் கைகாட்டிய குற்றவாளிகள் வரி, பிறகு தேநீர். தேநீர்மேல் அவருக்கு இருந்த வெறுப்பு அளவு கடந்தது. ஆனால் வரிபற்றிய அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. வீட்டில் காய்ச்சுவதன் செலவை அது ஏற்றிவிட்டிருந்தது.

இதற்குள் லண்டனில் பீர் எந்த உருவத்துக்கு வளர்ந்திருந்தது என்பதற்கு 1814 அக்டோபர் 17 சாட்சி. டாட்டன்ஹாம் கோர்ட் சாலையருகே ஒரு தொழிற்சாலையில் பீர் சேமித்து வைத்திருந்த 22 அடி உயரமுள்ள மரத்தொட்டி உடைந்தது. வெள்ளம் சுவரை இடித்துக்கொண்டு பின்னாலிருந்த ஏழைகளின் தெருவுக்குள் புகுந்தது. ஒரு நிலவறையில் இறந்துபோன குழந்தையின் சடலத்தைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவர்கள்மேல் பாய்ந்தது. செத்தவர்கள் எட்டுப் பேர். அத்தனை பேரும் பெண்களும் குழந்தைகளும். விபத்து என்று விசாரணை முடிந்தது. வழிந்துபோன பீருக்குக் கட்டியிருந்த தீர்வையைக் கம்பெனிக்கு அரசு திருப்பிக் கொடுத்தது. சில நாளில் புளித்துவிடும் ஏலை இந்த அளவுக்கு யாரும் சேர்த்து வைத்திருக்க மாட்டார்கள்.

1878ல் இங்கிலாந்தில் ஹாப்ஸ் ஏறக்குறைய 72,000 ஏக்கரில் நின்றது, அதுவே உச்சம். பறிக்க லண்டன் கிழக்குப் பகுதியிலிருந்து பெண்கள் குழந்தை குட்டிகளோடு ரயிலேறிக் கெண்டுக்கு வந்தார்கள். காய்ச்சும் இடத்திலிருந்து போனவர்கள் பறிக்கும் இடத்தில் திரும்ப வந்தார்கள் என்று சொல்லலாம். 1931ல் ஜார்ஜ் ஆர்வெல் அவர்களோடு போய்ப் பறித்தார், எழுதினார். முள்போல் சொரசொரக்கும் தண்டு கையைக் கிழித்ததும், கூலி வயிற்றுக்குப் போதாததும் அதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இயந்திரம் வந்து அதையும் முடித்தது.

வீட்டில் காய்ச்சுகிறவனும் உரிமம் எடுக்கவேண்டும் என்று 1880ல் கிளாட்ஸ்டன் அரசு போட்ட விதியை 1963ல் நிதி மந்திரி ரெஜினால்டு மாட்லிங் எடுத்தார். அமெரிக்காவில் 1978ல் கார்ட்டர் கையெழுத்திட்டார். பிறகுதான் கொல்லைக் கொடிக்கு மறு வாழ்வு. ஹாப்ஸில் ஆண் கொடி, பெண் கொடி தனித்தனி. பெண்ணின் பூவுக்கே மதிப்பு. அதனால் விதை போடாமல் பெண் கொடியின் வேர்த்தண்டைத் துண்டாக்கி நடுகிறார்கள். முதல் வருஷம் பெரிதாக ஒன்றும் காய்க்காது. மூன்றாம் வருஷம் ஐந்தாறு மீட்டர் ஏறி, உலர்ந்த பூவாக அரைக் கிலோ தரலாம். அவ்வளவு உயரத்துக்கு வழியில்லாதவர்களுக்கு, கெண்டின் வை கல்லூரி 1990களில் வெளியிட்ட குட்டை ரகங்கள் உண்டு. குளிர்காலத் தூக்கமும் கோடையின் நீண்ட பகலும் இதற்கு வேண்டும். இமாசலத்தின் லாஹுலில் பயிரிட்டிருக்கிறார்கள், நம் சமவெளியில் நட்டால் சோர்ந்துவிடும்.

வீட்டுப் பூவில் ஒரு சிக்கல் உண்டு. கடையில் வாங்கும் ஹாப்ஸ் பொட்டலத்தில் கசப்பமிலம் இத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அதை வைத்துத்தான் எத்தனை கிராம் என்று கணக்குப் போடுவது. கொல்லையில் பறித்ததற்கு எண் கிடையாது. ரகம் ஒன்றேயானாலும் மண்ணுக்கு மண், வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆகவே பலர் கசப்புக்குக் கடைச் சரக்கைப் போட்டுக் கொதிக்கவிட்டு, தங்கள் பூவை வாசனைக்காகக் கடைசி ஐந்து நிமிஷத்தில் போடுகிறார்கள். சிலர் அப்படி விடுவதில்லை. எண் தெரிந்த கடைப் பூவையும் தன் பூவையும் ஒரே எடை எடுத்து, ஒரே அளவு சர்க்கரைத் தண்ணீரில் தனித்தனியே கொதிக்க வைக்கிறார்கள். ஆறியதும் ஒரு வாய் இதில், ஒரு வாய் அதில். எது கூடக் கசக்கிறதோ அதில் அளந்து அளந்து சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, இரண்டும் நாக்குக்கு ஒன்றாகப் படும்வரை மாற்றி மாற்றிக் குடித்துப் பார்க்கிறார்கள். ஊற்றிய அளவைச் சமையலறைச் சுவரில் பென்சிலால் குறித்து வைக்கிறார்கள்.