நியமன உரிமையும் ஆசிரியரும்

1854இல் ராக்லாந்து ஐயரும் உடனூழியரும் வட திருநெல்வேலியில் ஊழியம் தொடங்கிய நாள்களில், அச்சங்குளம் போன்ற சிற்றூர்களைக் கொண்ட இவ்வட்டாரத்தில் நியமன வழக்கு என்பதே கிடையாது. மிஷன் பள்ளிகளில் ஆசிரியரும் உபதேசியாரும் பெரும்பாலும் ஒருவரே. மிஷனெரி நியமித்தார்; அவரே நீக்கினார். முறையீட்டுக்கும் இடமில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

1855 முதல் சென்னை மாகாண அரசு உதவித்தொகை வழங்கலாயிற்று. நாளடைவில் சம்பளம் அரசிடமிருந்து வந்தது. நியமனமோ தாளாளர் கையில் நின்றது. இவ்விரு கைகளுக்கும் இடையிலேதான் வழக்குகள் பிறந்தன. நிர்வாகம் நியமித்தவரைக் கல்வி அலுவலர் அங்கீகரித்தாலன்றி மானியச் சம்பளம் இல்லை. மாணவர் எண்ணிக்கைக்கேற்ப ஆசிரியர் பணியிடங்களை வரையறுத்த 1997ஆம் ஆண்டின் 525ஆம் எண் அரசாணைக்குப்பின், உபரி ஆசிரியர் உண்டெனக் கூறி அங்கீகாரம் மறுக்கப்படுவதும் வழக்குக்குக் காரணமாயிற்று. தீர்ப்பு வரும்வரை ஊதியமின்றி வகுப்பெடுத்தவர் ஆசிரியரே.

தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை) சட்டம் 1973இல் இயற்றப்பட்டபோது, சிறுபான்மை நிர்வாகங்கள் அரசியலமைப்பின் 30ஆம் பிரிவை முன்னிறுத்தி எதிர்த்தன. அச்சட்டத்தின் பல பிரிவுகள் அவற்றுக்குப் பொருந்தா எனச் சென்னை உயர் நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது. நம் சபைகள் இதனை வெற்றியாகக் கொண்டதில் வியப்பில்லை. ஆயினும், நிர்வகிக்கும் உரிமை சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமையாகாது என்று 1958இலேயே, கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில், உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. பிராங்க் அந்தோணி பள்ளி வழக்கில் 1986இல் அது ஆசிரியர் பக்கம் நின்றது: உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளி என்பதால் ஆசிரியர்க்குச் சம ஊதியத்தை மறுக்கவியலாது என்றது.

2006இல் கேரளக் கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றின் வழக்கில் மற்றொரு பக்கம் உறுதியாயிற்று. தகுதியுடைய ஒருவரைத் தலைமைப் பொறுப்புக்குத் தேர்ந்துகொள்ளச் சிறுபான்மை நிர்வாகம் பணிமூப்பைப் பின்பற்றவேண்டியதில்லை. இங்கு நாம் சற்று நின்று நோக்கவேண்டும். ஒதுக்கப்பட்ட மூத்த ஆசிரியர் அந்நியர் அல்லர். பலவேளை ஞாயிறுதோறும் அதே ஆலயத்தில் நற்கருணை பெறுபவர். நிர்வாகத்தின் தேர்வை எடைபோட்டுப் பார்க்க நீதிமன்றம் முன்வராது. சபைக்குள்ளே அவருக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? இவ்வினா எழாத மறைமாவட்டங்கள் சிலவே என எண்ணுகிறோம்.

இதற்கிடையே 2025 செப்டம்பர் 1 அன்று, ஆசிரியர் தகுதித் தேர்வு சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் கட்டாயமாகுமா என்பதை உச்ச நீதிமன்றம் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.