ராக்கெட்: பஞ்சுக்கோலிலிருந்து போர்க்களம் வரை

ராக்கெட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இத்தாலிய மொழியில் இருக்கிறது. நூற்பதற்குப் பஞ்சு சுற்றி வைக்கும் கோல் அங்கே 'ரொக்கா'. சிறிய கோல் 'ரொக்கெட்டா'. வாணத்தின் உருளை வடிவம் அதைப்போல இருந்ததால் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயர் ஐரோப்பாவுடையது என்றாலும், அந்த ஆயுதத்தை வலுவாக்கியது மைசூர். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் காகிதக் கூட்டுக்குப் பதில் இரும்புக் குழாயில் வெடிமருந்தை இறுக்கி, மூங்கில் கழியில் தோல்வாரால் கட்டி எய்தார்கள். இரும்பு அதிக அழுத்தம் தாங்கியதால் வாணம் வெகுதூரம் பாய்ந்தது. 1780இல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மைசூரிடம் தோற்றபோது இவை களத்தில் இருந்தன. 1799இல் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் பல வாணங்கள் இங்கிலாந்து போயின. அவற்றைப் பார்த்தே ஆங்கிலேயரான வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார். இந்தக் கடனை நம் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

மீண்டும் சொல்லுக்கு வருவோம். தமிழில் தீபாவளி ராக்கெட்டும் இஸ்ரோவின் ராக்கெட்டும் ஒரே சொல்தான். தக்காளி விலையும் 'ராக்கெட் வேகத்தில்' ஏறும். டென்னிஸ் மட்டையையும் ராக்கெட் என்கிறோமே, அது பிரெஞ்சு வழி வந்த வேறு சொல்.