ஏலக்காயின் மலை யாத்திரை

மாலை போட்டவர் ஒரு மண்டலம், 41 நாள், கறி மீன் தொடமாட்டார். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளிப்பார், வெறுந்தரையில் படுப்பார். அந்த வைராக்கியத்தோடு தேனி, கம்பம், குமுளி வழியாகச் சபரிமலை போய்த் திரும்புகிறவர் வீட்டுக்குக் கொண்டுவருவது அரவணை டின். அரிசி, வெல்லம், நெய் சேர்ந்த அந்தப் பாயசத்தில் டின்னைத் திறந்ததும் மணப்பது ஏலக்காய். அதுவும் ஒரு மலை இறங்கித்தான் இன்னொரு மலை ஏறியிருக்கிறது.

போடிமெட்டுக்கு மேலே மரநிழலில் நிற்கும் ஏலச்செடி, ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். காய் உச்சியில் காய்க்காது. தூரில், மண்ணை ஒட்டி ஓடும் சரத்தில் காய்க்கும். அதனால் குத்துக்காலிட்டு, முகம் செடிக்குள் போகக் குனிந்துதான் எடுக்க வேண்டும். போடி, தேவாரம், கம்பம் பக்கத்துப் பெண்கள் அதிகாலை ஜீப்பில் நெருக்கியடித்து இதற்குத்தான் போகிறார்கள். காய் ஒரே நேரத்தில் முற்றாது. சில வாரங்களுக்கொரு தடவை அதே தூருக்குத் திரும்ப வேண்டும். எடுத்த காய் ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் இரவெல்லாம் சூட்டில் உலரும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். சூடு பிசகினால் நிறம் போய்விடும்.

நிறம் போனால் விலை போச்சு. போடியிலும் கேரளப் பக்கம் புற்றடியிலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. வியாபாரி மாதிரிப் பையைப் பிரித்துக் காயைக் கொட்டிப் பார்ப்பார்: பச்சை நிற்கிறதா, 8 மில்லிமீட்டருக்கு மேல் தேறுமா, தோலில் சொறி உண்டா. இலைப்பேன் பிஞ்சைச் சுரண்டிய தழும்புதான் சொறி. உள்ளே ஏலரிசி கறுத்துத் திரண்டு நன்றாக மணந்தாலும் சொறிக்காய்க்கு மதிப்பில்லை. 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அவ்வளவு விலை போகும் காயில் தழும்பு விழ எந்த விவசாயிக்கு மனசு வரும்? ஒரு பூச்சிமருந்தின் வாடை அடங்குமுன் அடுத்ததை அடிப்பது இந்தப் பயத்தில்தான். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கண்ணுக்கு அழகான காயைக் கேட்பது நாம்தான்.

2023 ஜனவரியில் இந்த மருந்து சந்நிதிக்கே வந்து நின்றது. அரவணைக்கு வாங்கிய ஏலக்காயில் 14 பூச்சிமருந்துகளின் எச்சம் அளவுக்கு மேல் இருப்பதாகப் பரிசோதனை அறிக்கை வந்தது. கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கும் அதிகமான டின்கள் முடங்கின. சீசன் உச்சத்தில் ஏலக்காயே சேர்க்காமல் அரவணை காய்ச்சினார்கள். கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்வம் போர்டு உச்ச நீதிமன்றம் போனது. 2024-இல் உயர் நீதிமன்ற உத்தரவு ரத்தானது. ஆனால் அதற்குள் காலம் கடந்திருந்தது, டின்கள் விற்பனைக்கு உதவவில்லை.

வழக்கு டின்னுக்குள் இருந்ததைப் பற்றியது. பக்தர் ஒரு கரண்டி சாப்பிடுகிறார். காய் எடுக்கிறவளோ அதே மருந்து படிந்த இலைக்குள் பகலெல்லாம் முகத்தை வைத்திருக்கிறாள். தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காயில் கை வைக்கலாம் என்று மருந்துக்கு மருந்து கணக்கு உண்டு. ஜீப் ஏறுமுன் அந்தக் கணக்கை அவளிடம் சொல்லியாக வேண்டும். ஏல மாதிரிப் பையிலும், நிறத்துக்கும் பருமனுக்கும் பக்கத்தில், கடைசியாக மருந்தடித்த தேதி எழுதப்பட வேண்டும்.