எரிமலைச் சாம்பலை மறைக்கும் பனித்திரை

2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவின் ஹெய்லி குப்பி எரிமலை வெடித்தது. மறுநாளே அதன் சாம்பல் ஏமன், ஓமன் வழியாக டெல்லி வான்வரை வந்தது. ஜித்தா, குவைத், அபுதாபி விமானங்கள் சில ரத்தாயின. மில்லர்புரத்திலிருந்து உம்ராவுக்கும் வளைகுடா வேலைக்கும் உறவினர்களை வழியனுப்பும் நாமும் அறிய வேண்டிய செய்தி இது.

எரிமலைச் சாம்பல் என்பது நுண்ணிய பாறை, கண்ணாடித் துகள்கள். விமான எஞ்சினின் வெப்பத்தில் அவை உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். 1982 ஜூன் 24 அன்று ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றன; பின்னர் அவை மீண்டும் இயங்க, விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது. மழைத்துளிகளைக் காட்டும் விமான ரேடாரில் உலர்ந்த சாம்பல் தெரியவில்லை.

ஆகவே செயற்கைக்கோள்கள் 11, 12 மைக்ரான் அகச்சிவப்புக் கதிர்களை ஒப்பிட்டுச் சாம்பலைத் தேடுகின்றன. சாம்பல் முதலாவதை அதிகம் உறிஞ்சும்; நீரும் பனிக்கட்டியும் இரண்டாவதை அதிகம் உறிஞ்சும்.

சிக்கல் இங்கேதான். எரிமலை வாயில் கடல்நீர் புகுந்தால், நீராவி சாம்பலோடு உயரே சென்று துகள்கள் மீது பனியாக உறையும். செயற்கைக்கோளுக்கு அது சாதாரண மேகமாகவே தெரியும். 1994 செப்டம்பரில் பப்புவா நியூ கினியின் ரபாவுல் வெடிப்பில் இதுவே நடந்தது. ஈரத்தால் ஒரு நன்மையும் உண்டு: துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து விரைவில் கீழே விழும்.

வானம் தெளிவாகத் தெரிந்தாலும் விமானம் தாமதமானால் பொறுத்திருப்போம். அந்தத் தாமதம் நம் உயிர்காக்கும் எச்சரிக்கை.