வில்பத்து வழக்கும் ‘தடயம’ திரைப்படமும்

1959ஆம் ஆண்டிலே, வில்பத்துக் காட்டில் இளம்பெண் ஒருத்தி மோட்டார் வண்டியால் மோதுண்டு மாண்டாள். அது விபத்தன்று, கொலையே என்று வழக்குத் தொடரப்பட்டது. அவளோடு பழகிய ஆடவன் ஒருவன் குற்றவாளிக் கூண்டில் நின்றான். ‘வில்பத்துக் கொலை’ எனும் பெயர் நாடெங்கும் பரவிற்று.

அக்காலத்தில் கொலை வழக்குகள் சென்ற வழி ஒன்றே. தெல்தெனியாவில் நிகழ்ந்த கொலையாயின், முதலில் நீதவான் சாட்சிகளை விசாரிப்பார். போதிய சான்று இருப்பின், வழக்கு கண்டியிற் கூடும் உயர் நீதிமன்ற அமர்வுக்குச் செல்லும். ஆங்கே யூரர் எழுவர் தீர்ப்புரைப்பர். வில்பத்து வழக்கோ அத்துடன் முடியவில்லை. கடல் கடந்து, இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது.

பொலிஸாரிடம் கூறிய குற்ற ஒப்புதலைக் கூறியவருக்கு எதிராக நிரூபித்தலாகாது என்பது 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் விதி. அச்சுறுத்தியும் அடித்தும் பெறும் சொல்லால் ஒருவன் உயிர் போகலாகாது என்பதே அதன் கருத்து. ஆயின், குற்ற ஒப்புதல் என்பது யாது? கூறியவனுடைய உள்நோக்கத்தை ஆராய வேண்டியதில்லை. அவன் கூற்றை முழுமையாகப் படிக்கும் நியாயமான மனிதர் ஒருவருக்கு, அவன் குற்றத்தை ஏற்றான் என்றோ, ஏற்றதாக ஊகிக்கலாம் என்றோ தோன்றுமாயின், அதுவே ஒப்புதல் என்று கழகம் 1962இல் விளக்கியது. அவ்விளக்கம் இன்றும் இலங்கை நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகின்றது.

இருபதாண்டுகளுக்குமேற் கழிந்தபின், 1983இல், வசந்த ஒபேசேகர இவ்வழக்கைத் தழுவி ‘தடயம’ எனும் சிங்களத் திரைப்படத்தை உருவாக்கினார். தமிழ்ச் செவிக்குத் துப்பினைக் குறிப்பதுபோல் ஒலிக்கும் அச்சொல்லின் சிங்களப் பொருள் வேட்டை என்பதாகும். சுவர்ணா மல்லவாராச்சி ஏமாற்றப்பட்ட கிராமத்துப் பெண்ணாகவும், ரவீந்திர ரந்தெனிய செல்வமும் அந்தஸ்தும் நாடி அவளைக் கைவிடும் ஆடவனாகவும் நடித்தனர். இறுதியில், தன்னைக் கொல்ல வரும் வண்டியை அவள் அஞ்சி ஓடாது எதிர்த்து நிற்கிறாள்.

நீதிமன்றம் வினவியது, குற்றஞ் சாட்டப்பட்டவனின் சொல்லைச் சான்றாக ஏற்கலாமா என்பது. அவ்வினா அவசியமானது; அதில் தவறின், நிரபராதியும் தூக்குமேடை ஏற நேரும். ஆயினும், இறந்தவள் கூண்டேறித் தன் கதையைக் கூற வழியில்லை. அவள் எதை நம்பினாள், எவ்வாறு வஞ்சிக்கப்பட்டாள் என்பதைக் கலைஞன் கற்பனையால் எழுப்பிக் காட்டினான். கற்பனை சாட்சியமாகாது, படத்தைக் கொண்டு வழக்கை அளத்தல் முறையன்று. அதுபோலவே, சட்ட நூலில் அவ்வழக்கைப் பயில்வோர், அதன் தொடக்கத்தில் மாண்ட பெண் ஒருத்தி இருந்தாள் என்பதை மறத்தலும் முறையன்று.